லாரிப்பேட்டை விஷயமாகச் சம்பந்திக்கு எழுதியது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. ஆனால் தங்கள் இரத்த அழுத்தம் காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு என்பதை என் மகள் தினமும் தொலைபேசியில் சொல்லிவிடுவதாலும், இரண்டுக்கும் காரணம் நான்தான் என்று கடைசியில் சேர்த்துக்கொள்வதாலும், தெரியாதவன்போல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கம். மாப்பிள்ளைக்கு ஆசிகள். நாங்கள் இங்கே, சொல்லிக்கொள்ளும்படி, இருக்கிறோம். என் மனைவி என்னோடு பேசுகிறாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் மட்டும், அதுவும் ஒற்றை வார்த்தையில்.

ஒரே ஊரில், பஸ் ஏறினால் உடனே வந்துவிடக்கூடிய தூரத்தில் இருந்துகொண்டு கடிதம் எழுதுவானேன் என்று தாங்கள் நினைக்கலாம். நேரில்தான் வந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டு வாசலில் நின்று அழைப்பு மணியை அழுத்தினேன். உள்ளேயிருந்து "யாரு?" என்று தங்கள் குரல் கேட்டது. "நான்தான்" என்றேன். அதற்குப் பிறகு உள்ளே தொலைக்காட்சியின் சத்தம் கூடியது. என் குரலை வைத்துக்கொண்டு நான் வேறு யாரோ என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது. ஆகையால் எழுதுகிறேன். எழுத்துக்குக் குரல் கிடையாது என்பது இப்போதைக்கு எனக்கு இருக்கும் ஒரே வசதி.

அந்தக் குரலில்தான் எல்லா வினையும் ஆரம்பித்தது. தாங்கள் அறியாததல்ல; பேருந்து நிலையத்து அறிவிப்புக் கூண்டில் உட்கார்ந்தே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இந்த ஊரில் என் முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் கடையில் நின்று கால் கிலோ வெங்காயம் கேட்டால் பின்னால் நிற்பவர்கள் பையைத் தூக்கிக்கொள்கிறார்கள். நூலகத்தில் ஒரு முறை தும்மிவிட்டு "மன்னிக்கவும்" என்றேன்; இரண்டு பேர் எழுந்து வெளியே ஓடினார்கள். வீட்டிலும் நிம்மதியில்லை. நான் உப்பு கேட்பது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறதாம், அவர்கள் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்களாம். "காலைல கொஞ்ச நேரம் வெளிய நடந்துட்டு வாங்க, வீடு மூச்சு விடட்டும்" என்று என் மனைவி அனுப்பிவைத்தாள். நடந்து நடந்து, பஸ் பணிமனைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

தாங்கள் அந்த இடத்தை வரைபடத்தில்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஒரு பக்கம் கோரைப்புல்லும் முழங்கால் தண்ணீரும். மறுபக்கம் சரளைக்கல் மேடு. நடுவில் யாரோ விட்டுப்போன ஒரு சிமெண்ட் குழாய். குழாயின்மேல் உட்கார்ந்தால் எதிரே நாரை, நீர்க்கோழி, பெயர் தெரியாத சின்னச் சின்னக் குருவிகள். முதல் நாள் நான் மேட்டில் இரண்டடி எடுத்து வைத்ததுமே ஒரு பறவை கீழேயிருந்து கிளம்பி என் தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது பாருங்கள், அப்படியொரு கத்தல். நீளமான மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. ஒரு ஆள் வந்தால் போதும், ஊருக்கே அறிவிக்கிறது. அதற்கு ஆள்காட்டி என்று பெயர். சம்பளமில்லாமல் என் வேலையைப் பார்க்கும் ஒரு ஜீவனை அன்றுதான் கண்டேன், மரியாதை வந்துவிட்டது. "சரி சரி, போயிடறேன்" என்றேன். உடனே கோரைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "சார், கொஞ்சம் மெதுவா பேசுங்க. முட்டை இருக்கு" என்றது.

பார்த்தால் நம் பல் டாக்டரம்மா, தொப்பியும் தொலைநோக்கியுமாகச் சேற்றில் நிற்கிறார். தங்கள் கீழ்க்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினாரே, அவரேதான். "எங்க இருக்கு முட்டை?" என்று கேட்டேன். "உங்க செருப்புக்கு ஒரு சாண் தள்ளி" என்றார். குனிந்தேன்; கல்தான் தெரிந்தது. இன்னும் குனிந்தேன். நான்கு கல், மற்ற கற்களைவிடக் கொஞ்சம் உருண்டையாக, புள்ளி போட்டு. கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை. வெறும் தரையில், வெயிலில், வருகிறவன் போகிறவன் காலடியில் பிள்ளையை வைத்துவிட்டு, கத்துவதை மட்டுமே நம்பி அது குடித்தனம் நடத்துகிறது. எனக்குக் காலை எங்கே தூக்கி வைப்பது என்று தெரியவில்லை. என் தடத்திலேயே பின்னோக்கி நடந்து சாலைக்கு வந்தேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அன்று முழுக்க மனசு சரியில்லை.

இதற்கும் நகர மன்றத்துக்கும் என்ன தொடர்பு என்றால், என் கடைவாய்ப் பல். டாக்டரம்மாவின் நாற்காலியில் சாய்ந்து, வாய்க்குள் பஞ்சும் ஒரு ரப்பர் குழாயும் அவருடைய இரண்டு விரலுமாக நான் கிடந்தபோது அவர் பேச ஆரம்பித்தார். பொதுநிலப் பாதுகாப்பு நிதி என்று மன்றத்தில் ஒன்று இருக்கிறதாம். நாம் கட்டும் வீட்டு வரியில் ஒரு சிறு பங்கு அதற்குப் போகிறது. அதை வைத்துத்தான் சதுப்பு, ஏரிக்கரை, பழைய தோப்பு என்று ஊருக்குப் பொதுவான இடங்களுக்கு வேலி போட்டு, ஆள் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். அந்த நிதியை இந்த ஆண்டு புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால், காப்பாற்றக் காசில்லை என்று சொல்லிச் சதுப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவார்கள். "கேக்கறதுக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு" என்றார். யார் என்று கேட்க முயன்றேன். "ஆ" என்றுதான் வந்தது. "கூட்டத்துக்கு நீங்களும் வரணும் சார். பேச வேணாம், சும்மா உக்காந்தா போதும். நாலு தலை தெரியணும். வருவீங்கல்ல?" என்றார். ஆகாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முதல் எழுத்தைத் தாண்ட முடியவில்லை. "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டு அவர் துளைபோடும் கருவியைக் கையில் எடுத்தார். அந்த நிலைமையில் விளக்கம் கொடுப்பது உசிதமாகப் படவில்லை.

கூட்டத்துக்கு வந்தேன். மாடியில் அந்த நீளக் கூடம், பிளாஸ்டிக் நாற்காலிகள். தாங்கள் இரண்டாவது வரிசையில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி, பக்கத்து நாற்காலியைத் தட்டிக் காட்டினீர்கள். நான் தங்களுக்குத் துணையாக வந்திருக்கிறேன் என்று தாங்கள் நினைத்துவிட்டீர்கள். தாங்கள் ஏதோ வரி விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று நான் நினைத்துவிட்டேன். லாரிகளைத் தெருவில் நிறுத்தித் தாங்கள் படும் அவஸ்தையும், இடம் தேடி அலைவதும் எனக்குத் தெரியும். அந்த இடம் இந்த இடம் என்று தெரியாது. இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். சம்பந்திகளாயிற்றே, மரியாதை பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டோம்.

டாக்டரம்மாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். ஒரு வாரமாக வீடு வீடாகப் போய்ப் பேசியதில் தொண்டை கட்டிப்போய், வெறும் காற்றுதான் வந்தது. வேறு யாரையாவது பேச விடலாமா என்று சைகையில் கேட்டார். "பேரு குடுத்தவங்கதான் பேசணும்" என்றார் மன்றத் தலைவர். பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "சரி, யாராவது பக்கத்துல நின்னு அவங்க காதுல சொல்றத அப்படியே எடுத்துச் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மூணு நிமிஷம்." டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கூட்டமே என்னைப் பார்த்தது. சம்பந்தி, முதலில் கைதட்டியவர் தாங்கள்தான். "எங்க சம்பந்தி. வாயத் திறந்தா ஊரே நின்னு கேக்கும்" என்று பக்கத்திலிருந்தவரிடம் தாங்கள் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது.

கொடுத்ததைக் கொடுத்தபடி சொல்வது என் தொழில். சொந்தச் சரக்கு சேர்த்துப் பழக்கமில்லை. "வணக்கம்" என்று ஆரம்பித்ததும் பின்வரிசையில் நாலைந்து பேர் பையைத் தேடினார்கள். டாக்டரம்மா காதில் ஊதினார், நான் ஒலிபரப்பினேன். "இந்த நெலம் யாரோட சொத்தும் இல்ல, எல்லாரோட சொத்து." நல்ல வாக்கியம், கூடம் தலையாட்டியது. "மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க." அதையும் சொன்னேன். "ஐயோ, இதச் சொல்லாதீங்க." அதையும் சொன்னேன். சிரித்தார்கள். அடுத்து அவர், "தண்ணி இருக்கா?" என்றார். என் குரலில் அந்தக் கேள்வி அந்தக் கூடத்தில் இறங்கியதும் சிரித்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஓர் உறுப்பினர், கனத்த கண்ணாடி போட்டவர், மெதுவாக எழுந்தார். "நியாயமான கேள்விங்க. எங்க தெருக் கிணத்துல கோடைக்கும் தண்ணி இருக்குன்னா அது அந்தச் சதுப்பு இருக்கறதாலதான். அத மூடினா கிணறும் போச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு" என்று சொல்லிவிட்டு, கலங்கிப்போய் உட்கார்ந்தார். டாக்டரம்மா கேட்டது குடிப்பதற்கு.

அதற்கடுத்த வாக்கியத்தில்தான் நான் செத்தேன். "இந்த நெலத்த லாரிப்பேட்டைக்காகக் குத்தகைக்குக் கேட்டிருக்கறது" என்று கணீரென்று சொல்லி, தங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொன்னேன். தங்கள் நிறுவனத்துக்குத் தாங்கள் சம்பந்தியம்மாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆக, நகர மன்றத்தில், ஒலிபெருக்கியில், என் மகளுடைய மாமியாரின் பெயரை, நீதிமன்றத்தில் குற்றவாளியைக் கூப்பிடுவதுபோல நான் கூப்பிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. நிமிர்ந்து தங்களைப் பார்த்தேன். தங்கள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்திருந்தீர்கள். நான் நின்றுவிட்டேன். வேலையில் இருந்த காலத்தில் ஓர் அறிவிப்பைப் பாதியில் நிறுத்தியவன் இல்லை. டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "உங்களுக்கு வேண்டப்பட்டவங்களா? வேணாம் சார், விட்டுடுங்க" என்று காதில் சொன்னார். அதை மட்டும் நான் எடுத்துச் சொல்லவில்லை.

விட்டிருக்கலாம். எனக்கும் தொண்டை கட்டிவிட்டது என்று கையைக் காட்டிவிட்டு இறங்கியிருந்தால் போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் வீட்டில் சாப்பிட்டிருப்பேன். ஆனால் அந்த நேரத்தில், என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி, அந்த நாலு கல். கண்ணை மூடினாலும் அதுதான் தெரிந்தது. அதன்மேல் லாரிச் சக்கரம் ஏறினால் ஓட்டுகிறவருக்குக்கூடத் தெரியாது. நான் சொன்னதும் தாங்கள் கேட்டதும் இதுதான், பிறகு யாராவது திரித்துச் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்: "தலைவரே, இதுக்கு மேல டாக்டரம்மா சொல்லல, நான் சொல்றேன். லாரிக்காரரு என் சம்பந்தி. என் பொண்ண அவங்க வீட்டுலதான் குடுத்திருக்கேன். நல்லா வெச்சிருக்காங்க. அவரு லாரிய ரோட்டுல நிறுத்திட்டு தெனமும் பேச்சு வாங்கறாரு. அவருக்கு எடம் வேணும், அது நியாயம். நான் பஸ்ஸுக்கு எடம் சொல்லியே காலத்த ஓட்டினவன். ஒரு நடைமேடையில எடமில்லேன்னா இன்னொண்ணுக்கு மாத்திச் சொல்லுவேன். ஜனங்க முணுமுணுத்துக்கிட்டே நடந்து போவாங்க. லாரிக்கும் அப்படி மாத்திச் சொல்லலாம். தரையில முட்டை வெக்கற அந்தப் பறவைக்கு மாத்திச் சொல்ல என்கிட்ட வேற நடைமேடை இல்லீங்க." மணி அடித்தார்கள்.

தங்களைக் குறை சொல்லவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் "என் சம்பந்தி" என்ற வார்த்தைக்கே கூடத்தில் சிரிப்பு எழுந்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "சம்பந்தியே ஆள்காட்டிட்டாருடா!" என்றார்கள். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். தாங்கள் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, யார் காலையும் மிதிக்காமல் நாற்காலிகளுக்கு நடுவே பக்கவாட்டில் நகர்ந்து வெளியே போனீர்கள். பின்னாலேயே ஓடி வந்து படிக்கட்டில் நின்று "சம்பந்தி!" என்று கூப்பிட்டேன். கீழே தெருவே நின்று திரும்பிப் பார்த்தது. சைக்கிளில் போனவர் காலை ஊன்றி இறங்கிவிட்டார். தாங்கள் மட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்தால், செய்தி எனக்கு முன்னால் வந்திருந்தது. "உங்கள சும்மா உக்காரத்தானே கூப்பிட்டாங்க?" என்றாள் என் மனைவி.

அடுத்த கூட்டத்தில் தாங்கள் பேசியதைக் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். "முட்டை நாலு. என்கிட்ட வேலை செய்யற டிரைவருங்க அதைவிட அதிகம். அவங்களுக்கும் வீட்டுல குஞ்சு இருக்கு. லாரிக்கு எடமில்லேன்னா அவங்களுக்கு வேலை இல்ல. யாரும் அவங்களுக்காகக் கணீர்னு பேச வரல" என்றீர்கள். வாக்கெடுப்பில் நிதியைப் புதுப்பித்தார்கள், ஒரு கைதான் வித்தியாசம், அது கிணற்றுக்காரர் கை. அதிலும் கொஞ்சம் குறைத்துவிட்டார்கள். காவலுக்கு ஆள் போடலாம், வேலிக்குப் போதாது. வேலிக்கு டாக்டரம்மா தம்மிடம் வருகிறவர்களிடமே நன்கொடை கேட்கிறார், அவர்கள் வாயைத் திறந்திருக்கும்போது.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. தங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மறுநாள் காலையில் போனேன். நாலில் மூன்று பொரித்திருந்தது. பஞ்சு உருண்டைக்குக் கால் முளைத்தாற்போல் சரளையில் ஓடின. தாய் வழக்கம்போல் என்னைத் திட்டியது, நின்று வாங்கிக்கொண்டேன். யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. எந்த நல்ல செய்தி என்றாலும் முதலில் தங்களைக் கூப்பிட்டே பழகிவிட்டதா, கை தானாகத் தங்கள் எண்ணைத்தான் அழுத்தியது. மணி முழுக்க அடித்து ஓய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகளை, அதாவது தங்கள் மருமகளை, என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "மன்னிப்புக் கேட்டு எழுதாதீங்கப்பா. கேட்டீங்கன்னா நீங்க பேசினது தப்புன்னு ஆயிடும். உங்களுக்காக நான் இங்க போட்ட சண்டையெல்லாம் வீணாயிடும்" என்றாள். சரிம்மா என்று வைக்கப் போனேன். "இருங்க. எங்க மாமாவ அத்தனை பேர் முன்னாடி சிரிக்க விட்டுட்டீங்களேப்பா. வருத்தம்னு எழுதுங்க. நல்லா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அழுதாள். ஆகவே, வருத்தம். மன்னிப்பு இல்லை, வருத்தம் நிறைய இருக்கிறது. மாப்பிள்ளை என்னிடம் தனியாகச் சொன்ன ஒரு விஷயத்தைத் தங்களுக்கு எழுதவே கூடாது என்று கேட்டுக்கொண்டார். எனவே, அந்த ஈர மண்ணில் சரக்கேற்றிய லாரியை நிறுத்தினால் அச்சு வரை புதைந்துவிடும் என்று அவர் முன்பே சொன்னதையும், தாங்கள் காதில் போட்டுக்கொள்ளாததையும் நான் இங்கே எழுதவில்லை.

இனிமேல் பொது இடத்தில் வாயைத் திறப்பதில்லை என்று என் மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்தக் கூட்டமானாலும் சரி, யார் கூப்பிட்டாலும் சரி. டாக்டரம்மாவின் பறவைக் குழுவிலிருந்தும் விலகிவிட்டேன். நான் அதில் சேர்ந்ததாகவே எனக்குத் தெரியாது. விலகுகிறேன் என்று சொன்னபோதுதான் துணைத் தலைவராக இருந்திருக்கிறேன் என்று தெரிந்தது. ஆகவே என் குரலால் தங்களுக்கு இனி எந்த இடைஞ்சலும் வராது. இது உறுதி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கோபம் என்மேல் எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கட்டும். தாங்கள் வீட்டுக் கூடத்தில் தனியாகவும் என் மகள் சமையலறையில் தனியாகவும் சாப்பிடுகிறீர்களாம். முன்பெல்லாம் காலையில் செய்தித்தாளை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மாமனாரும் மருமகளும் சண்டை போட்டுப் படிப்பீர்கள் என்று அவள் சொல்லக் கேட்டு நான் பொறாமைப்பட்டிருக்கிறேன். என்னோடு அவள் அப்படிப் படித்ததில்லை. அவளுடைய பாதியை அவளிடம் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

தங்கள் லாரிகள் போன இடத்திலிருந்தெல்லாம் பத்திரமாகத் திரும்பட்டும். ஓட்டுகிறவர்கள் வீடுகளில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். தங்கள் இரத்த அழுத்தம் இறங்கட்டும். சம்பந்தியம்மாவின் பெயரை இனி எந்த ஒலிபெருக்கியிலும் சொல்ல மாட்டேன் என்று அவர்களிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் மீது குறையாத மதிப்புள்ள,
பேச்சை நிறுத்திக்கொண்ட,
சம்பந்தி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் எங்கள் தெருக்காரர்கள் வந்து போனார்கள். தெருக்கோடியில் மூடிக் கிடக்கும் ஐஸ் தொழிற்சாலை மைதானத்தைத் தங்கள் லாரிப்பேட்டைக்குக் கொடுக்கலாமா என்று மன்றம் யோசிக்கிறதாம். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கெட்டியான சிமெண்ட் தரை. முட்டை எதுவும் இல்லை; ஒரு பூனை மட்டும் இருக்கிறது, அது இடம் மாறச் சம்மதிக்கும்போல் தெரிகிறது. லாரிப்பேட்டை தெருவுக்கு வருவதை எதிர்த்துப் பேச என் குரல் வேண்டும் என்றார்கள் தெருக்காரர்கள். எதிர்த்துப் பேச முடியாது என்று சொல்லிவிட்டு, ஆதரித்துப் பேசப் பெயர் கொடுத்துவிட்டேன். ஆகவே மேலே நான் கொடுத்திருக்கும் உறுதிமொழி எதையும் பொருட்படுத்த வேண்டாம். எனக்கு லாரியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை தாங்கள் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. விடியற்காலையில் ஹார்ன் அடிப்பார்களா என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். என் குரலில் பொய் சொன்னால் ஊர் பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் கோபப்படும். எதிர்த்தரப்பில் பேசப் போவது யார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் மறைத்ததாக ஆகக் கூடாது. என் மனைவி. இந்த விஷயத்தைக் கேட்டதிலிருந்து என்னோடு முழு வாக்கியங்களில் பேசுகிறாள். அவளுக்கும் மூன்று நிமிடம்தான் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். மணி அடிக்கும் துணிச்சல் அவருக்கு உண்டா என்பதை அன்று பார்க்க வேண்டும்.